வயிற்றை மறைத்த கோடுகள்

கள்ளக்குறிச்சி ஜவுளிக் கடை ஒன்றில் துணி எடுத்துக் காட்டும் வேலை எனக்கு. நீளவாட்டில் கோடு போட்ட அடர்நிறத் துணி ஆளை ஒல்லியாகக் காட்டும் என்பது எங்களுக்கு அத்துப்படி.

ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கை, வயிறு பெரிதாகத் தெரிகிறதென்று கூச்சப்பட்டாள். கருநீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட துணி எடுத்து, தளர்வாகச் சுடிதார் தைக்கக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தபோது வயிறு இருப்பதே தெரியவில்லை. எனக்குப் பெருமை.

மறுவாரம் செக்கப்புக்காகத் தியாகதுருகத்தில் இருவரும் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். உட்கார்ந்திருந்த ஒருவரிடம், "மாசமா கீறாங்க, கொஞ்சம் எடம் குடுங்க" என்றேன்.

அவர் தங்கையை மேலும் கீழும் பார்த்தார். "வயிறே காணோம். சீட்டுக்காக இன்னா வேணா சொல்லுவீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வளைவில் டிரைவர் பிரேக் போட்டதும் தங்கை கம்பியில் மோதி விழுந்தாள்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை எனக்கு உயிரே இல்லை. அந்த ஆள் மேல் இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. கர்ப்பம் என்று வாயால் சொன்னால் போதாதா? இதில் என்ன கூச்சம் என்று கேட்காமல், மறைத்துக் கொடுத்த என் மேலும் கோபம்தான்.

இப்போது கர்ப்பிணிகள் யாராவது வயிறு தெரியாத துணி கேட்டால், நெஞ்சுக்குக் கீழே சுருக்கு வைத்து வயிற்றை எடுத்துக் காட்டும் இளநிற உடையைத்தான் எடுத்துப் போடுகிறேன். "தெரிஞ்சா தெரியட்டுங்க, பஸ்ல போவணும் இல்ல?" என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.