மச்சான் வாங்கி வந்த தீர்ப்பு

என் மனைவியின் அண்ணனுக்குத் தெருவில் 'கரி இன்ஜின்' என்று பெயர். அவருக்குத் தெரிந்தே வைத்த பெயர்தான். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். ஒருவருக்கு வெட்டி முடித்ததும் சீப்பையும் கத்திரியையும் மருந்துத் தண்ணீரில் போடுவார். அவை ஊறும் வரைக்கும் பின்னறையில் ஒரு சிகரெட். அடுத்த ஆள் கழுத்தில் துணியோடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவசரப்படுத்தினால், "சுத்தம் முக்கியம் சார்" என்று உள்ளேயிருந்து புகையோடு பதில் வரும்.

அந்தப் பின்னறையில்தான் என் மனைவி துண்டு மடித்தாள். கல்யாணத்துக்கு முன்பும், பின்பும், பிள்ளைகள் பெரியவர்களான பின்பும். அண்ணனும் தங்கையும் ஓயாமல் வாயாடிக்கொண்டே வேலை பார்ப்பார்கள். சிகரெட்டை அவள் கையால்கூடத் தொட்டதில்லை. நுரையீரலில் புற்றுநோய் வந்தது அவளுக்கு. அவருக்கு எடுத்த ஸ்கேன் படத்தில் ஒன்றுமில்லை.

நோய் தெரிந்த அன்றைக்கே மச்சான் சிகரெட்டை விட்டுவிட்டார். கூடவே அவள் அறைக்குள் வருவதையும் விட்டுவிட்டார். தினமும் காலையில் பழச்சாறு கொண்டு வருவார். கதவுநிலையைப் பிடித்தபடி நின்று, "சாப்பிட்டியா பாப்பா?" என்பார். என் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கிவிடுவார். கேட்டால், "சட்டையில வாடை இருக்கும் மாப்பிள்ளை." எனக்கு அவர்மேல் ஆத்திரம் இல்லையென்றால் பொய். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாமென்று வாயெடுப்பேன், அந்த முகத்தைப் பார்த்தால் வராது. அவளுக்கோ வேறு கவலை. மருந்து ஏற்றிய நாட்களில் கதவைப் பார்த்தபடியே படுத்திருப்பாள். "நான் போறதுக்குள்ள அண்ணன் ஒரு தடவையாவது பக்கத்துல வந்து உக்காருவானா?" என்று என்னைக் கேட்டாள்.

இதற்கிடையில் மருத்துவமனையில் ஓர் ஆய்வு என்றார்கள். நோய் வந்தவரின் ரத்தத்தையும் வராத உடன்பிறப்பின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். மச்சான் கையை நீட்டினார். முடிவு வந்தபோது துணைக்கு நானும் போனேன். ஆய்வு டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகச் சொன்னார்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள என்ன இருக்குன்னு துண்டு துண்டா வெளிய எடுத்துக் காட்டும். காவலுக்குச் சுத்துற செல்லுங்க அதைப் பாத்துட்டே போகும். தப்பாத் தெரிஞ்சா அடிச்சிரும். அப்படி எடுத்துக் காட்டுறதுக்குன்னே சில மரபணுக்கள் இருக்கு. அம்மாகிட்டருந்து ஒரு செட், அப்பாகிட்டருந்து ஒரு செட். உங்களுக்கு ரெண்டும் வேற வேற. உங்க தங்கச்சிக்கு ரெண்டு பக்கத்துலருந்தும் ஒரே மாதிரி வந்திருக்கு."

மச்சான் யோசித்தார். "எனக்குப் பேன் சீப்பும் இருக்கு, பெரிய பல்லு சீப்பும் இருக்கு. அவகிட்ட ஒரே சீப்பு ரெண்டு. அப்படித்தானே டாக்டர்?"

"கிட்டத்தட்ட" என்று டாக்டர் சிரித்தார். "வேற வேறயா இருந்தா, புகை பிடிக்கிறவங்களுக்கும் இந்த நோய் கொஞ்சம் குறைவா வருதுன்னு பெரிய ஆய்வுகள்ல பாத்திருக்காங்க. கொஞ்சம்தான். ஒருத்தருக்கு இதனாலதான் வந்தது, இன்னொருத்தருக்கு இதனாலதான் வரலைன்னு தனி ஆளைக் காட்டிச் சொல்ல முடியாது. புகைதான் பெரிய காரணம். பக்கத்துல இருந்து சுவாசிச்ச புகையும் கெடுதல்தான்."

கடைசியில் சொன்னது எதுவும் மச்சான் காதில் ஏறவில்லை. பஸ்ஸில் அறிமுகமில்லாத ஆளுக்கெல்லாம் ஜீன் பாடம் நடத்தினார். "பங்கு பிரிக்கத் தெரியாத எங்க அப்பா அம்மாவைச் சொல்லணும் சார்!" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. திருத்த எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். அறை வாசலுக்கு வந்ததும் கால் பழையபடி நின்றுவிட்டது.

"பாப்பா, என் புகை இல்லியாம். எல்லாம் ஜீனாம். டாக்டரே சொல்லிட்டாங்க."

'ஆமாண்ணா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் உள்ளே வந்துவிடுவார். அவள் ஏங்கிக் கிடந்ததும் அதற்குத்தான். சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் தலையணையில் கையூன்றி நிமிர்ந்தாள். "போன வாரம் மருந்து ஏத்தப் போனப்ப எனக்கும் அதே டாக்டர்தான் சொன்னாங்க. ஜீன் கொஞ்சம்னாங்க. மிச்சத்தையும் சொன்னாங்களே, நீ கேக்கலையா?"

மச்சானின் முகம் செத்துவிட்டது. கை கதவுநிலையைத் தேடியது. நாளையிலிருந்து பழச்சாறுகூட வராது என்று நினைத்தேன்.

"உன் புகையும்தான் அண்ணா. எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. இப்ப பொய் சொல்லி உன்னை உள்ள கூப்பிட்டுட்டு, நான் போனப்புறம் உனக்கு உறைச்சா அப்ப யாரு உன் பக்கத்துல இருப்பா?" மூச்சு வாங்க நிறுத்தினாள். "தப்பு இல்லைன்னு ஆனாத்தான் வருவேன்னா, நீ எப்ப வர்றது? எனக்கு அவ்வளவு நாள் இல்லண்ணா. தப்போடயே வா."

மச்சான் உள்ளே வந்தார்.