அண்ணன் நிறுத்தச் சொன்ன மாத்திரை

என் கணவருக்கு ரத்தக் குழாய்களில் அழற்சி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்தக் குழாய்களைத் தாக்குகிற நோய். அந்தச் சக்தியை அடக்க மருந்து கொடுப்பதால் நுரையீரலில் கிருமி எளிதாகத் தொற்றிவிடும். அதைத் தடுக்க ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் தந்து, விடாமல் சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர்.

குற்றால சீசனுக்கு இலஞ்சியிலுள்ள எங்கள் வீட்டுக்கு இவருடைய அண்ணன் வந்தார். ஓய்வுபெற்ற போலீஸ்காரர்; நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். நான் அடுப்படியில் இருந்தபோது, "காய்ச்சலே இல்லாதவனுக்கு எதுக்குலே ஆன்டிபயாட்டிக்? ஈரலைக் கெடுத்துரும், நிறுத்து" என்றிருக்கிறார். அண்ணன் பேச்சை மீறிப் பழகாத இவரும் எனக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டார்.

சில வாரங்களில் வறட்டு இருமல் வந்தது. சாரல் காற்றுதான் காரணம் என்று நினைத்தேன். பிறகு குளியலறைக்குப் போய் வருவதற்குள் மூச்சிரைத்தது. தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்தார்கள். "தடுப்பு மாத்திரையை நிறுத்தினீங்களா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் இவர் உண்மையைச் சொன்னார்.

பார்க்க வந்த அத்தான், "எல்லாம் கெட்ட நேரம்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேரமும் இல்ல, காலமும் இல்ல அத்தான். நீங்க நிறுத்தச் சொன்னிய, இவுக இங்கன மூச்சு விட முடியாம கெடக்குதாக!" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

இவர் பிழைத்து வீடு வந்துவிட்டார். என் கோபம் இன்னும் அடங்கவில்லை. இப்போது மாத்திரையை நானே கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன். இருமலோடு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுகிறேன். மருந்தைப் பற்றி யாராவது யோசனை சொன்னால், டாக்டருக்குப் போன் போட்டு, "அவர்கிட்டயே சொல்லுங்க" என்று நீட்டுகிறேன். இதுவரை ஒருவரும் வாங்கிப் பேசியதில்லை, அத்தான் உட்பட.