சீட் இல்லாத பைக்கில் ஒரு மரியாதைப் பிரச்சனை

ஒரு ஊர்ல ஒரு பைக் இருந்துச்சாம். அதுக்கு சீட்டே கிடையாதாம். அதை வேகமா ஓட்டினா ஒருத்தரும் மெச்ச மாட்டாங்களாம். ட்ரையல்ஸ் என்கிற விளையாட்டை இப்படித்தான் சொல்லத் தொடங்க வேண்டும். கல்லோ மேடோ, நின்றுகொண்டே மெல்ல ஏறி இறங்க வேண்டும். கால் தரையில் பட்டால் குற்றம். இதில் புதிதாக இறங்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். பைக் என்னுடையதல்ல, வேஸ்ட் துணி வியாபாரம் செய்யும் ரபீக் அண்ணனுடையது. கோவையில் புதியவர்களுக்கு ஒரு போட்டி வந்தது. அதற்குள் பொங்கலூரில் ஒரு தோட்டத்துப் பாறையை ஒரு தடவையாவது காலூன்றாமல் தாண்டிக் காட்டினால், போட்டியில் ஓட்ட பைக் எனக்கு என்றார் அண்ணன். இல்லையென்றால் அவர் மச்சானுக்கு.

காற்று

கல்லைக் கவ்விப் பிடிக்க, டயரில் காற்றுக் குறைவாக இருக்க வேண்டும். போகிற வழியில் ஒரு பஞ்சர் கடை. தொய்ந்த டயரைப் பார்த்ததும் கடைக்காரர் ஓடி வந்து மறித்து, கல்லுப்போலக் காற்றடித்து அனுப்புவார். "வேண்டாங்க" என்று நான் சொல்வது எனக்கே கேட்காது. கம்ப்ரசர் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்? தோட்டத்துக்குப் போய் உட்கார்ந்து காற்றைப் பிடுங்கிவிடுவதே முதல் பயிற்சியாக இருந்தது.

ஒருநாள் துணிந்து சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. "காத்தில்லாத வண்டி என் கடையத் தாண்டிப் போனா, ஊருக்குள்ள என்னை என்னன்னுங்க பேசுவாங்க?"

அம்புக்குறி

எங்கள் கம்பெனி செக்கிங்கில் சித்ரா அக்கா இருக்கிறார், மதுரைப் பக்கத்துக்காரர். பனியனில் ஓட்டையோ கறையோ கண்டால், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. வேடிக்கை பார்க்கத் தோட்டத்துக்கு வந்தவர் கையோடு ஸ்டிக்கரும் கொண்டுவந்துவிட்டார். நான் காலூன்றும்போதெல்லாம் வந்து குனிந்து, ஷூவில் ஒன்று ஒட்டுவார். சாயங்காலம் பார்த்தால் ஷூவே தெரியவில்லை.

தைத்துச் சரிசெய்கிற பீஸைத்தான் நாங்கள் ஆல்ட்டர் என்போம். "அதுக்காவது என்னைச் சேர்த்துக்கோங்கக்கா" என்றேன்.

"ஆல்ட்டருக்கெல்லாம் போகாது தம்பி. நேரா ரிஜெக்ட்டுதான்!"

சாப்டாச்சா

தோட்டத்துக்காரர் ஞாயிறுதோறும் தென்னைகளைப் பார்க்க வருவார். நான் பாறையில் பாதி ஏறியிருக்கும்போதுதான், "சாப்டாச்சா கண்ணு?" என்பார். பெரியவர்கள் பேசினால் வண்டியை விட்டு இறங்கிப் பதில் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். தலை யோசிப்பதற்குள் கால் தரையில் இருக்கும். "ஆச்சுங்க."

ரபீக் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, அந்த மரியாதையக் கீழ இறக்கி வெச்சுட்டு ஏறு!"

யாரு ஊட்டுப் பையன்

போட்டிக்கு முந்தின ஞாயிறு. பாறை உச்சி வரை ஏறிவிட்டேன். அங்கே முன்சக்கரம் இரண்டு கல்லுக்கிடையில் சிக்கி நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். கீழிருந்து தோட்டத்துக்காரர் குரல் வந்தது.

"ஏங்கண்ணு, நீ யாரு ஊட்டுப் பையன்?"

வலது கால் தானாகக் கிளம்பியது. சித்ரா அக்கா ஸ்டிக்கரைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. காலை இழுத்துக்கொண்டேன்.

"சாமளாபுரங்க."

"சாமளாபுரத்துல?"

"தறிக்கார ஆறுமுகம் பையனுங்க."

"அப்ப உங்கப்புச்சி காட்டூரா?"

"ஆமாங்க." அம்மாவின் அப்பாவான அப்புச்சிக்குக் காட்டூர்தான். ஒவ்வொரு 'ங்க'வுக்கும் ஹேண்டில்பார் ஒருமுறை ஆடியது.

"அட, அவிங்க நமக்கு ஒறம்பரையாச்சே!" என்று எந்த அத்தையை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்பதில் தொடங்கினார். நின்ற இடத்திலிருந்தே எல்லாச் சொந்தத்துக்கும் ஆமாம் போட்டேன். அவர் மூச்சு வாங்கிய நேரத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகினேன். சக்கரம் விடுபட்டது; அந்தப் பக்கம் இறங்கிவிட்டேன். கால் படவில்லை!

ஒட்ட இடமில்லாத ஸ்டிக்கரைச் சித்ரா அக்கா தன் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டார். "வண்டி உனக்குத்தான்டா!" என்று கத்தினார் ரபீக் அண்ணன்.

நான் இறங்கி ஓடி, தோட்டத்துக்காரர் முன்னால் கைகட்டி நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒறமொறக்காரன் நின்னு பேசறேன், வண்டிய விட்டு எறங்குனயா நீயி? இரு, உங்கப்புச்சிகிட்டச் சொல்லிப்போடறேன்."

காலூன்றாமல் பாறையைத் தாண்டுவதைவிட, ஏன் காலூன்றவில்லை என்று சொந்தக்காரருக்குப் புரியவைப்பதுதான் ட்ரையல்ஸில் கஷ்டமான கட்டம் என்று நான் உணர்ந்தபோது, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தென்னைகளுக்குள் நடந்துவிட்டிருந்தார்.