இரண்டாம் வரிசைக்குச் சாம்பிராணி

முட்டாள்தனத்தில் எனக்குச் சின்ன வயதிலேயே நல்ல தேர்ச்சி. எட்டு வயதில், பூச்சட்டியில் இருந்த மண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று நானே முடிவுகட்டி, வைத்தியமும் பார்த்தேன். நோயாளி பிழைத்துவிட்டது. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அப்போது ஜெர்மனியில், பீலெஃபெல்டில் மூன்றாம் மாடி வீடு. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு இருந்துகொண்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால், "நெருப்புப் படிக்கிறா" என்பார் அப்பா. கேட்டவர்கள் தீயணைப்புப் படை என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஸ்பெயினில் மழை குறைந்த ஒரு மலைச்சரிவில் பற்றைக்காடு எரிந்துபோயிருந்தது. எரிந்த மண்ணுக்கு என்ன ஆகிறது, அதற்குள் உறங்கும் விதைகளை எது எழுப்புகிறது என்பதுதான் சித்தியின் படிப்பு.

அந்தக் குளிர்காலத்தில் பல்கலைக்கழகத்துக் கண்ணாடிக் குடிலில் ஹீட்டர் பழுதாகிப்போனது. எரிந்த மண்ணும் விதையும் நிரப்பிய சட்டிகள் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தன. வெயில் படும் ஜன்னல் என் அறையில்தான் இருந்தது என்பதால் என் மேசை பறிபோனது. அம்மாவின் மடி ஏற்கனவே போயிருந்தது. அதில் புதிதாகப் பிறந்த தங்கச்சி இருந்தாள்.

சட்டிகள் இரண்டு வரிசை. முதல் வரிசைக்குச் சித்தி ஒரு போத்தலில் இருந்து புகை மணக்கும் மண்ணிறத் தண்ணீரை ஊற்றுவார். இரண்டாம் வரிசைக்கு வெறும் குழாய்த் தண்ணீர். முதல் வரிசை முளைத்து இரண்டாம் வரிசை சும்மா கிடந்தால், விதையை எழுப்புவது புகைதான் என்று பேராசிரியருக்குக் காட்டலாம். மாதக் கடைசியில் அவரைச் சந்திக்க டெர்மின் குறித்திருந்தது. காட்ட ஒன்றும் இல்லாவிட்டால் சித்தியின் வேலை அதோடு சரி. இதையெல்லாம் சித்தி எனக்குப் பொறுமையாக விளக்கினார் என்று அம்மா இப்போதும் சொல்கிறார். தொடக்கூடாது என்பது மட்டும் எனக்கு ஞாபகம்.

நான் தொடவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பார்த்தவரையில் அந்த மண் தண்ணீர் குடிக்கவில்லை. ஊற்றிய தண்ணீர் சேம்பிலையில் நிற்பதுபோல உருண்டை உருண்டையாக மேலே நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் அரைமனதாக உள்ளே இறங்கியது. செடிகளின் மெழுகு தீயில் உருகி மண்ணில் படிந்தால் அப்படித்தானாம். எனக்கென்ன தெரியும்? குடிக்க மறுக்கிற இன்னொரு ஆளை நான் அதே வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி பால் குடிக்காமல் அடம்பிடித்தால், அம்மா அவளைக் குளிக்கவார்த்து, ரவுக்மெல்டருக்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டு, சாம்பிராணிப் புகை காட்டுவார். தொப்பி இல்லாவிட்டால் அந்தப் புகைமணி கட்டடம் முழுவதையும் எழுப்பிவிடும். புகை பிடித்ததும் தங்கச்சி குடிப்பாள்.

முதல் வரிசைக்காவது போத்தலில் மருந்து கிடைத்தது. இரண்டாம் வரிசையைக் கவனிப்பார் இல்லை. அதன் நிலைமை எனக்கு நன்றாகவே விளங்கியது. என் நிலைமையும் அதுதானே.

ஒரு சனிக்கிழமை, பெரியவர்கள் சமையலறையில் இருந்தார்கள். தங்கச்சிக்குக் காட்டி முடித்த சாம்பிராணிச் சட்டி பால்கனியில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தூக்கிவந்தேன். முதல் வரிசையை ஓர் ஓரமாகத் தள்ளிவைத்து, இரண்டாம் வரிசையைத் தங்கச்சியின் துவாயால் மூடி, அம்மா செய்வதுபோலவே உள்ளே புகை பிடித்தேன். ஒரு சட்டியையும் விடவில்லை. ஓரவஞ்சனை எனக்குப் பிடிக்காது.

சில நாள் கழித்து இரண்டாம் வரிசை முளைத்தது. முதல் வரிசைக்குக் கொஞ்சமும் குறையாமல், பச்சைப் பசேலென்று.

சித்தி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அப்பா ஸ்பெயின் விதைகளைக் குறைசொன்னார். முளைத்ததற்கு ஏன் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறாய் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி என்றே எனக்கும் பட்டது. சித்தி என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு நீ என்ன ஊத்தினனி?"

"ஒண்டும் ஊத்தேல்லை, சித்தி. சாம்பிராணிதான் போட்டனான்."

பாராட்டுக்காகக் காத்திருந்தேன். சித்தி தரையில் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று குனிந்து பார்த்தேன், இரண்டும்போல இருந்தது. டெர்மின் தள்ளிப்போனது. வேலையை நீட்டித்துத் தரும்படி சித்தி ஓர் அந்திராக், விண்ணப்பம், எழுதிக் கொடுத்து, பதில் வரும்வரை சரியாகச் சாப்பிடவில்லை. அரை வருடம் கிடைத்தது. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார். புதுச் சட்டிகள் பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மாவின் ஜன்னலுக்குப் போயின. என் மேசை திரும்பக் கிடைத்தது. அதில் உட்கார்ந்து நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். செத்த மண்ணில் செடி வரவேண்டும் என்று படிக்கிற ஒருவர், செடி வந்ததற்கு ஏன் அழவேண்டும்? முளைத்த சட்டிக்கு இருக்கும் அதே மதிப்பு முளைக்காத சட்டிக்கும் இருக்கக்கூடும் என்பது என் எட்டு வயது மண்டைக்குள் இறங்கவில்லை. எரிந்த மண்மேல் தண்ணீர்போல வெளியிலேயே உருண்டுகொண்டிருந்தது.

சித்திக்கு இப்போது சொந்தமாகவே ஓர் ஆராய்ச்சிக் குடில் இருக்கிறது, ஹீட்டர் பழுதாகாத குடில். போன மாதம், பார்க்க வரட்டுமா, என்ன கொண்டுவர என்று கேட்டு அவருக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"வா. வெறுங்கையோட வா."