ஒட்டுக்குக் கீழே வளர்ந்த செடி

ஒரத்தநாட்டில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் எங்களுக்கு, மாடி என் கொழுந்தனாருக்கு. அவர் மனைவி நாகப்பட்டினத்துப் பெண், வங்கியில் வேலை, மண்ணில் கை வைத்துப் பழகாதவள். நானோ நாற்றங்காலிலிருந்து அறுப்பு வரை பார்த்து வளர்ந்தவள். ஒரு கார்த்திகையில் நர்சரி வண்டி தெருவுக்கு வந்தது. இருவரும் ஆளுக்கொரு ஹைப்ரிட் டீ ரோஜாக் கன்று வாங்கினோம். யாருடையது முதலில் பூக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வயலிலிருந்து களிமண் கொண்டுவரச் சொல்லித் தொட்டியை நிரப்பினேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அவள் கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து, செம்மண், மணல், மக்கிய எரு எல்லாம் கலந்தாள். தொட்டியின் அடியில் கூடுதலாக ஓட்டை போட ஆணியோடு மல்லுக்கட்டினாள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்றுவாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

தை மாதக் கடைசியில் அவள் செடி பூத்தது. நீளமான காம்பின் நுனியில் ஒரே பூ, உள்ளங்கை அகலத்துக்கு. வீட்டுக்கு வந்தவர்கள் என் காபியைக் குடித்துவிட்டு மாடிக்குப் போனார்கள். என் கணவரும் படமெடுத்து வந்து, "பாரேன், கடையில வாங்கின மாதிரி இருக்கு" என்றார். அன்று சாம்பாருக்கு நான் உப்பே போடவில்லை. மறந்துவிட்டதாகச் சொன்னேன்.

என் செடி மேல்பாதி மஞ்சளாகிக் கருகியது. பிறகு அடியிலிருந்து பச்சைப்பசேலென்று துளிர்கள் கிளம்பின. இடுப்பு உயரம் வளர்ந்தும் ஒரு மொட்டுகூட இல்லை.

மாசியில் அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குக் கிளம்பினாள். "அக்கா, செடிக்குத் தண்ணி பாத்துக்கங்க. மண்ணு காஞ்சா மட்டும் ஊத்துங்க" என்றாள். அந்த 'மட்டும்' எனக்குச் சுருக்கென்றது.

மூன்றாம் நாள் மாடிக்குப் போனேன். செடியில் மூன்று மொட்டுகள். திரும்பி வந்து கத்தரிக்கோலை எடுத்துப் போய், செடியைப் பாதிக்கு வெட்டினேன். வெட்டியதைக் கொல்லைக்குப் பின்னால் வீசினேன். குரங்கு வந்ததென்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து வந்தவள் செடியைப் பார்த்தாள். வெட்டின இடங்களுக்குக் கீழே சிவப்புத் துளிர்கள் விட்டிருந்தன.

"கவாத்து பண்ணிட்டீங்களா அக்கா? எனக்கு வெட்ட மனசே வரல."

"ஆமா" என்றேன்.

சித்திரையில் அதில் ஒன்பது பூக்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "அக்கா கைராசி" என்றாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தொட்டி அருகே குனிந்து பார்த்தாள். "ஒட்டுக் கட்டின இடம் இது அக்கா. அதுக்கு மேல இருந்த நல்ல ரோஜா செத்துப்போச்சு. கீழேர்ந்து வர்றதெல்லாம் காட்டுச் செடி. களிமண்ணுல தண்ணி தேங்கி வேர் அழுகியிருக்கும்."

குரலில் துளிக் கேலி இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"அன்னைக்கு உன் செடிய நான் கவாத்துக்காக வெட்டல" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "தெரியும் அக்கா. மூணு மொட்டோட யாராவது கவாத்து பண்ணுவாங்களா?"

மாடிக்குப் போய்விட்டாள். இரண்டு வாரம் கீழே வரவில்லை. பிறகு ஒரு நாள் படியில் நின்றபடியே, "நர்சரி வண்டி வந்திருக்கு. வர்றீங்களா?" என்றாள். போனேன். புதுக் கன்றுக்கு மண்ணை அவளையே கலந்து தரச் சொன்னேன்.

ஆவணியில் என் செடி பூத்தது, மஞ்சளில் ஒன்று. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அன்று மாடியில் ஐந்து பூத்திருந்தன. எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை.