வெறும் வயிறு

ரத்தம் எடுக்கிற வேலையில் ‘சாப்பிட்டீங்களா?’ என்று மட்டும் கேட்கக் கூடாது. நம் ஜனம் பட்டினி கிடந்தாலும் மரியாதைக்கு ‘ஆச்சு’ என்றுதான் சொல்லும். அதனால் ஓசூரில் எங்கள் லேபில் நான் கேட்டுவந்தது, ‘வெறும் வயிறா?’ மாடியில் மகப்பேறு டாக்டரம்மா என்பதால், வருகிறவர்களில் பாதிப் பேர் சினைப்பை நீர்க்கட்டிக்காரிகள். நானும் அந்தக் கட்சிதான். நாள் தள்ளிப்போனால் ‘அதுவாக இருக்குமோ’ என்று ஏங்கி, அது இல்லை என்று பாத்ரூமில் உட்கார்ந்து அழுத தோழிகளே, மஞ்சுளாவின் கதை உங்களுக்குப் புதிதாக இருக்காது.

நேத்தா, இன்னிக்கா

கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை தங்கவில்லை. கம்பெனியில் மூன்றாம் ஷிப்ட் முடித்து, யூனிபார்மோடு நேராக லேபுக்கு வந்துவிட்டாள். சர்க்கரை பார்க்க எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். இவளோ ராத்திரி இரண்டு மணிக்குக் கேன்டீனில் சாம்பார் சாதம் சாப்பிட்டிருந்தாள். “வெறும் வயிறுன்னீங்களே?” என்று கடிந்துகொண்டேன். தூக்கக் கண்ணோடு கேட்டாள்: “பன்னெண்டு மணிக்கு மேல தின்னது நேத்துச் சோறா, இன்னிக்குச் சோறாக்கா?”

அப்பன் வழி

அடுத்த முறை ஜவளகிரியிலிருந்து மாமியாரும் கூட வந்தார். படிவத்தில், ‘குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா?’ என்று ஒரு கேள்வி. நீர்க்கட்டியும் சர்க்கரையும் கூட்டாளிகள். இரண்டும் ரத்த சொந்தத்தில் தொடர்ந்து வரக்கூடியவை.

மாமியார் முந்திக்கொண்டார். “எங்க பக்கம் ஒருத்தருக்கும் இல்லீங்க. எல்லாம் அவ அப்பன் வழிச் சீக்கு. அவருக்குத்தான் சக்கரை. அந்த வம்சத்துல பொண்ணு எடுத்தது எங்க தப்பு.” லேபில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சுளா குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: “எழுதிக்கங்கக்கா. எங்கப்பன் வேற யாருமில்ல, எங்கத்தைக்குக் கூடப்பொறந்த அண்ணன்.”

லைன் கம்ப்ளெயின்ட்

ரிப்போர்ட் வாங்க வந்தவர் கணவர் முனிராஜ். மெஷின் ஷாப் ஆள். “அந்தக் கட்டியைக் கீறி எடுத்துட்டாச் சரியாப்போயிடும்ங்களா?” என்றார். அது கீறி எடுக்கிற கட்டி இல்லை, பழுக்காமல் நின்றுபோன முட்டைகள் என்றேன். உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை, அதனால் இன்சுலின் ஏகத்துக்கு ஏறி, சினைப்பையையும் கெடுக்கிறது, கரு தங்கினாலும் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “அப்ப இது ஏதோ ஒரு பார்ட் கம்ப்ளெயின்ட் இல்லீங்க. மொத்த லைன் கம்ப்ளெயின்ட்.”

சர்க்கரைத் தண்ணீர்

பத்து மாதம் மாத்திரை. அரிசியைக் குறைத்தாள். நடக்கச் சொன்னால் சானமாவுக் காட்டுப் பக்கம் யானை நிற்கிறது என்று சொல்லி, மொட்டை மாடியையே சுற்றிச் சுற்றி நடந்தாள். ஒருநாள் நிஜமாகவே தங்கியது. ரிசல்ட்டை நானே இரண்டு முறை படித்துக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தேன்.

உடனே சர்க்கரை பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிவிட்டார். குளுக்கோஸ் கரைத்த டம்ளரை நீட்டினேன். குமட்டலை அடக்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். போகும்போது சிரித்தாள்: “வருசம் பூராம் இனிப்பைத் தொடாதேன்னுட்டு, இன்னிக்கு நீங்களே ஊட்டி விடறீங்களேக்கா!”

பழக்க தோஷம்

அதற்கப்புறம் ஒரு மாதம் இருக்கும். திங்கட்கிழமைக் கூட்டம். சீட்டை வாங்கினேன், பேரைக்கூடப் பார்க்கவில்லை. நீட்டிய கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே வழக்கம்போல, “வெறும் வயிறுதானே?” என்றேன்.

நிமிர்ந்தால் மஞ்சுளா. சீட்டில், கரு கலைந்த பிறகு பார்க்க வேண்டிய பரிசோதனைகள். என் நாக்கை அறுத்துப் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. ஊசியைத் திரும்பத் தட்டில் வைக்கப் போனேன். அவள் தன் இன்னொரு கையால் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “ஆமாக்கா. வெறும் வயிறுதான்.”

அன்றிலிருந்து நானும் ஊரைப்போல ‘சாப்பிட்டீங்களா?’ என்றுதான் கேட்கிறேன்; எல்லாரும் ‘ஆச்சு’ என்கிறார்கள், பாதிப் பேரைத் திருப்பி அனுப்புகிறேன், முதலாளி திட்டுகிறார், திட்டட்டும்.