நடிகரின் பல்லும் அக்காவின் பல்லும்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பல் செட்டு செய்வது தொழில். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அத்தான் தன் லேபில் மெழுகில் பல் பதித்து, வார்த்து, ராவிப் பளபளப்பாக்கிக் கொடுப்பார். ஊரில் பாதிப் பேர் அவர் தயவில்தான் சிரிக்கிறார்கள். அக்காவுக்கு முன்பல் மூன்று விழுந்து அப்போது இரண்டு வருஷமாகியிருந்தது. அவளுடைய அளவும் அதே லேபில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. வெளி வேலை முடியட்டும், உனக்கு ராஜ செட்டாகப் போட்டுவிடுகிறேன் என்பார். வெளி வேலை எந்தக் காலத்தில் முடிந்திருக்கிறது? அக்கா வாயைக் கையால் மறைத்துப் பேசப் பழகினாள். பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டாள். அத்தானைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு உயிர், ஒரு பழைய உளவாளிப் படம். கதாநாயகன் பொய்ப்பல்லுக்குள் படச்சுருளை ஒளித்து எல்லை தாண்டுவான். அந்த ஒரு பல்லுக்காகவே நாற்பது தடவை பார்த்திருக்கிறார். இப்போது கிழவராகிவிட்ட அந்தக் கதாநாயகனே, படம் ஓட ஓட விளக்கம் சொல்லிக்கொண்டு வரும் பதிப்பு ஒன்று வெளியானது. வாங்கிவந்து, ஞாயிறு மதியம் எங்களையும் பிடித்து உட்காரவைத்தார்.

நடிகர் அளந்தார். ரயில் கூரையிலிருந்து குதித்தது அவரேதானாம். கதாநாயகி அவர்மேல் பைத்தியமாக இருந்தாளாம். டைரக்டருக்கு ஒன்றுமே தெரியாதாம். அந்தப் பல் காட்சி வந்தபோது, அன்றைக்கு மதியம் தனக்குச் சாப்பாடு ஆறிப்போய் வந்ததைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தார். அத்தான் கொதிக்கப்போகிறார் என்று ஆவலோடு திரும்பினேன். அவரோ டிவியில் காதை ஒட்டிவைத்திருந்தார்.

"கிழவருக்கு மேல் பல் செட்டு லூசு. பேசப் பேசக் காத்து போகுது பாரு. எவனோ கொலை பண்ணி வச்சிருக்கான். பாவம், மனுஷன் நாலு பேர் முன்னாடி எப்படி வாயைத் திறப்பாரு?"

சொன்னால் நம்பமாட்டீர்கள், அவர் கண் கலங்கியிருந்தது. உடனே தாளை எடுத்து நடிகருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார். காசு வேண்டாம், அளவை மட்டும் அனுப்பினால் பத்தே நாளில் புதுச் செட்டு வீடு தேடி வரும் என்று எழுதினார். முகவரியை யாரிடம் விசாரிக்கலாம் என்று என்னையே கேட்டார்.

அக்கா எழுந்து டிவியை நிறுத்தினாள். வாயை மறைத்திருந்த கையை எடுத்தாள்.

"எங்கேயோ இருக்கிறவர் வாயில காத்து போறது கேக்குது. இங்க ரெண்டு வருஷமா ஒருத்தி வாயே திறக்கலையே, அது தெரியலையா உங்களுக்கு?"

அடுத்த வாரம் கட்டாயம் முடித்துவிடுகிறேன் என்றார் அத்தான். கடிதத்தை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்கா அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கவில்லை. அத்தான் 'கொத்தனார்' என்று நக்கலடிக்கும் எதிர்த்தெரு லேப்காரரிடம் செய்து வாங்கித் தரும் டாக்டரை மறுநாளே போய்ப் பார்த்தாள். கூட்டிக்கொண்டு போனது நான்தான். அந்தப் புண்ணியத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

புதுப் பல் வந்த அன்று கூடத்தில் நின்றபடி பெரியம்மா மகளோடு போனில் முக்கால் மணி நேரம் பேசினாள். வாய்விட்டுச் சிரித்தாள். அத்தான் கதவோரம் நின்று, எங்கேயாவது காற்றுப் போகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு குறையும் அகப்படவில்லை.

அவ்வளவு நேரமும் அக்கா பேசியது முழுக்க அவரைப் பற்றித்தான். அதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை.